நிஸாரின் புருவத்தில் நாலு தையல் விழுந்த விதம்

ஆலங்குடா,
ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்புள்ள பளீலா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், உங்கள் மகன் அஸ்மின் சுகமாக வேலைக்குப் போய்வருகிறார் என்றும் நம்புகிறேன். இங்கு எல்லோரும் நலம், என் கணவரின் புருவம் நீங்கலாக. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் மகள் பஹ்மிதாவை அஸ்மினுக்குப் பெண் பார்க்க நீங்கள் வந்துபோய் இரண்டு வாரமாகிறது. பதில் இல்லை. "உம்மா கை நீட்டுறவளெண்டா மகள் எப்பிடி இருப்பா?" என்று பாலாவியில் நீங்கள் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். நியாயமான கேள்வி. நீங்கள் வந்து இறங்கும்போது என் கணவருடைய புருவத்தில் பிளாஸ்டர், கண் கத்தரிக்காய் நிறம், என் கையில் அகப்பை. "கதவுல இடிச்சிக்கிட்டன்" என்று வேறு சொன்னார். உங்கள் இடத்தில் நானாக இருந்தாலும் வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துதான் போயிருப்பேன்.

நடந்தது இதுதான். ஐம்பத்திரண்டு வயதில் அவர் எட்டு மாதமாகப் போனில் இராணுவச் சண்டை விளையாட்டு ஆடுகிறார். அதில் துப்பாக்கியின் மேலுள்ள குறிபார்க்கும் கண்ணாடியை, அதாவது ஸ்கோப்பை, தொட்டால் திரை முழுவதும் ஒரே வட்டமாகிவிடும், கொஞ்சம் ஆடும், மூச்சைப் பிடித்தால் ஆட்டம் நின்றுவிடும், சுட்டால் படம் துள்ளுமே தவிர முகத்தில் ஒன்றும் படாது. நீங்கள் வரவிருந்த அன்று காலை, தென்னங்குரும்பட்டி கொறிக்கிற மர அணிலை வெருட்டும் எயார் ரைபிளில் புதிதாக ஒரு ஸ்கோப்பைப் பூட்டினார். நான் பௌதிகவியல் படித்தவள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நாலு விரல் இடைவெளி வேண்டும், கிட்டப் போனால் ஓரமெல்லாம் கறுத்துவிடும், சுட்டதும் பின்னுக்கு வந்து இடிக்கும் என்றேன்.

"ஒட்டி வெச்சாத்தான் வட்டம் பெருசாத் தெரியும். நீ படிச்சவ, ஸபீனா. நான் அனுபவப்பட்டவன்."

மூச்சைப் பிடித்தார். பிடித்த மூச்சோடு மல்லாந்தார். ஆஸ்பத்திரியில் நாலு தையல். அணில் இடம் மாறவே இல்லை.

நான் சிரித்தது உண்மை, அதை மறைக்கவில்லை. ஆனால் அவர் ஏன் பொய் சொன்னார் என்று பல நாள் யோசித்தேன். போன் விளையாட்டை நம்பிக் கண்ணை உடைத்துக்கொண்டவன் என்பதைவிடப் பெண்சாதியிடம் அடிவாங்கியவன் என்ற பெயர் அவருக்குக் கௌரவமாகப் பட்டிருக்கிறது. இருபத்திரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் இது எனக்குத் தெரியாமல் போயிற்று.

"அப்ப நான் அடிச்சன் எண்டே அவங்க நினைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"நினைச்சா உனக்குத்தானே மரியாதை கூடும்" என்றார்.

ஸ்கோப்பும் துப்பாக்கியும் இப்போது அலுமாரிக்குள். விளையாட்டையும் போனிலிருந்து அழித்தாயிற்று. இந்த வீட்டில் இனி எவருக்கும் கண் வீங்காது, அதற்கு நான் பொறுப்பு. பஹ்மிதா இதுவரை ஒருவர்மீதும் கை வைத்ததில்லை. பிள்ளைகள் இருவருக்கும் அல்லாஹ் நல்லதையே எழுதட்டும். பாறூக் நானாவுக்கும் எங்கள் ஸலாத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஸபீனா நிஸார்.

பி.கு.: இதை உறையில் போடும்போது உங்கள் கணவர் பாறூக் நானாவே வந்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். "அப்பிடியும் இடிக்குமா? நானும் அந்த கேம்தான் ஆடுறன், ஒரு நாளும் இடிச்சதில்லையே. எங்க, கொண்டாங்க பாப்பம்" என்றார். சம்பந்தியாகப் போகிறவர் வாய்விட்டுக் கேட்டதை எப்படி இல்லை என்பது? சாவியைக் கொடுத்தேன். இரண்டு தையல்தான். கல்யாணத்துக்குச் சம்மதம் என்று ஆஸ்பத்திரியில் வைத்தே சொல்லிவிட்டார். கடிதத்தை அவரிடமே கொடுத்து அனுப்புகிறேன். ராத்தா, அவரையும் நான் அடிக்கவில்லை.