பனியன் பெட்டியில் ஒட்டிய அணுத்துண்டுகள்

திருப்பூர்
12-1-1976

பம்பாயில் இருக்கும் மாப்பிள்ளை அர்த்தநாரி அவர்களுக்கு மாமனார் ஆறுமுகசாமி தலை நிமிராமல் எழுதிக்கொண்டது. முருகன் அருளால் இங்கே உங்கள் அத்தை நலம், பனியன் கம்பெனியில் நாலு மிஷினும் நலம். என் உடம்புக்கும் ஒன்றுமில்லை. மானம் மட்டும்தான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது.

அமெரிக்காவிலிருந்து நேரே தீபாவளிக்கு இங்கு வந்தீர்கள் அல்லவா, அப்போது கையில் இருந்த பழுப்புக் காகிதப் பொட்டலத்தைக் காணோம் என்று மகள் ஞானாம்பாள் எழுதியிருந்தாள். 'இங்கு அப்படி எதுவும் இல்லை' என்று பதில் போட்டேன். அது பொய். பொட்டலம் எங்கள் பீரோவின் மேல்தட்டில்தான் இருந்தது. கார்த்திகைக்கு ஒட்டடை அடிக்கும்போது எடுத்துப் பிரித்தேன். உள்ளே கண்ணாடி போல இருபத்து நாலு பிளாஸ்டிக் தாள். எழுத்தில்லை, படமில்லை, மூலையில் நம்பர் போட்ட துண்டுச்சீட்டு மட்டும். வெறும் தாள்தானே, மாப்பிள்ளை வேண்டாமென்று விட்டுப் போயிருக்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்த வாரம் கல்கத்தா வியாபாரிகள் சாம்பிள் பார்க்க வருவதாக இருந்தது. அட்டைப்பெட்டி மூடியில் ஜன்னல் மாதிரி வெட்டி இந்தத் தாளை ஒட்டினால் உள்ளே இருக்கும் பனியன் பளிச்சென்று தெரியுமே என்ற ஆசையில் பதினைந்து பெட்டிக்கு ஒட்டிவிட்டேன். எட்டுத் தாளை மங்கலத்துப் பங்காளி சாமியப்பனுக்குத் தானம் செய்தேன். மிச்சம் ஒன்று முருகன் படத்துக்கு மேல். நம்பர்ச் சீட்டுகள் அசிங்கமாக இருந்ததால் எல்லாவற்றையும் தண்ணீரில் ஊறவைத்து உரித்தேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பொய் எழுதிய பிறகும் நன்றாகத்தான் சாப்பிட்டேன். போன வாரம் ஞானாம்பாளின் அடுத்த கடிதம் வந்தது. பொட்டலத்தை ஆராய்ச்சிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்ததாக உங்களுக்கு ஞாபகமாம், ஆகவே தொலைத்தது அங்கே மைக்ராஸ்கோப் பார்க்கும் அம்மாள்தான் என்று மேலதிகாரி முடிவு செய்து, மாதக் கடைசியில் அவரை வேலையைவிட்டு நிறுத்தப்போகிறாராம். கணவரை இழந்து, இரண்டு பெண் குழந்தைகளை வளர்க்கிறவராம். உங்கள் அத்தைக்கு வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தவன் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

"ஏனுங்க, நிறுத்திட்டீங்க?" என்றாள் சாரதாமணி. பிறகு முருகன் படத்தைப் பார்த்தாள். "அந்தப் பிளாஸ்டிக்குத் தானுங்களே அது?"

"அது வேற."

"என்னைப் பாத்துச் சொல்றீங்களே, அங்க முருகனைப் பாத்துச் சொல்லுங்க."

முருகன் பக்கம் திரும்பினேன், மாப்பிள்ளை. தீபாவளியன்று இலையில் உட்கார்ந்து நீங்கள் விளக்கியது அப்போதுதான் காதில் விழுந்தது. "கரி அணுவோட கருவை வேகமா விட்டு அடிக்கறமுங்க மாமா. போற வழியில சதை பட்டா அந்தக் கரு துண்டு துண்டா உடைஞ்சு போகும். எந்தத் துண்டு எத்தனை தூரம் ஓடுதுன்னு அளக்காம புத்துநோய்க் கட்டி மேல விட்டா, கட்டிக்குப் பின்னால இருக்கற நல்ல சதையும் கெட்டுப் போகுமுங்க. ஆகாசத்துக்குப் போறவங்களுக்கும் இதே தொல்லைதான். துண்டு போன தடம் பிளாஸ்டிக்குல இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, காரத்துல போட்டு அரிச்சாத்தான் குழியாத் தெரியுமுங்க." ரெண்டு வருஷம் காத்திருந்து, அமெரிக்காவில் அணுவை விட்டு அடிக்கும் அந்த இயந்திரத்தில் உங்களுக்குக் கிடைத்தது ஆறு மணி நேரம் என்றும் சொன்னீர்கள். நான் ஏழு தரம் "ஆமாங்க மாப்பிள்ளை" என்றேன். கவனமெல்லாம் பணியாரத்தின் மேல்.

மறுநாளே கிளம்பினேன். பெட்டிகள் பதினைந்தும் ஏஜெண்ட் நஞ்சப்பன் கடையில் அடுக்கியிருந்தன. சொல்லாமல் கொள்ளாமல் மூடிகளைக் கிழிக்க ஆரம்பித்தேன். "நீங்களே குடுத்துப்போட்டு நீங்களே கிழிக்கறீங்களே, தலைக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?" என்றார். பதற்றத்தில், "அதுல அணு இருக்குதுங்க!" என்று கத்திவிட்டேன். ராஜஸ்தானில் அணுகுண்டு வெடித்தது ஒருத்தருக்கும் மறக்கவில்லை போலிருக்கிறது. கடையில் இருந்தவர்கள் ஓர் அடி பின்னால் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் நிதானமாக, "போட்டா அரிக்குமுங்களா?" என்று கேட்டார். இப்போது ஊரில் என் சரக்குக்கு அணு பனியன் என்று பெயர்.

மங்கலத்தில் சாமியப்பன் எட்டையும் தறிக்குடோன் ஜன்னலில் அடித்திருந்தார். தாளுக்கு நாலு ஆணி ஓட்டை. அவை அணு போட்டவை அல்ல, சாமியப்பன் போட்டவை. தயவுசெய்து கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பெட்டியில் ஒட்டிய தாள் ஒன்றில் பசை போகவில்லை. சாயப்பட்டறை மாரப்பன், "நம்ம காஸ்டிக் சோடாவுல போடுங்க, சுத்தமாயிரும்" என்று சுடச்சுடக் கொதித்த தொட்டியில் போட்டுவிட்டுப் பேச்சு சுவாரசியத்தில் மறந்துவிட்டார். எடுத்தபோது தாள் பால் மாதிரி வெளுத்திருந்தது. அழுகையே வந்துவிட்டது. துணியில் இழை எண்ணும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். உள்ளே பொடிப்பொடியாகக் குழிகள், எண்ணி முடியாது. ஒவ்வொன்றும் உடைந்து ஓடிய ஒரு துண்டின் தடம். வெறும் தாள் என்று நான் நினைத்ததற்குள் இத்தனை இருந்திருக்கிறது. முப்பது வருஷமாக ஓட்டை இருந்தால் மட்டம் என்று துணியைத் தள்ளிவிடுகிறவன் நான்.

தாள்கள் அனைத்தையும் மீட்டு ரிஜிஸ்தர் பார்சலில் அனுப்புகிறேன். ஒன்றுகூடக் குறையாது, வேறொன்று கலக்கவும் இல்லை, இது சத்தியம். இந்தக் கடிதத்தை உங்கள் மேலதிகாரியிடம் அப்படியே காட்டுங்கள். என் மானம் போனால் போகட்டும், அந்த அம்மாள் வேலை போகக் கூடாது. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். ஞானாம்பாளுக்கு ஆசீர்வாதம். உங்களை ஆசீர்வதிக்க வயது இருக்கிறது, யோக்கியதை இல்லை. அதனால் அதை அத்தை செய்கிறாள்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
ஆறுமுகசாமி

பின்குறிப்பு: பார்சலைத் தைக்கும் முன் கடைசியாக ஒருமுறை எண்ணினேன். இருபத்தைந்து இருக்கிறது. மூன்று தரம் எண்ணியும் அதேதான். எது அந்நியத் தாள் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் தெரியவில்லை, வெளுத்த தாளும் ஆணி ஓட்டைத் தாள்களும் போக மற்றதெல்லாம் ஒன்றுபோல வெறுமையாக இருக்கின்றன. "கொறஞ்சாத்தானுங்க தப்பு, கூடுனா என்னங்க" என்கிறாள் உங்கள் அத்தை. எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறேன்.