எரிமலைக்கு மடி

கொச்சியில் கொசுவுக்கு அடுத்தபடியாகப் பெருகியிருக்கும் இனம் எது தெரியுமா? பொய்ப்பெயர்ப் புரட்சிக்காரர். இரண்டும் காதருகே ஓயாமல் சத்தம் போடும். விளக்கைப் போட்டால் காணாமல் போகும்.

எங்கள் மட்டாஞ்சேரித் தெருவில் இந்த இனத்துக்கு உதாரணம் நீலகண்டன். ஊரறிய அவர் ஆசார சபையின் காரியதரிசி. யார் சந்தியாவந்தனம் பண்ணவில்லை, யார் வீட்டில் வெங்காய வாசனை, எந்தப் பெண் எவன் பைக்கில் போனாள் என்று மோப்பம் பிடித்து, நெற்றி நிறைய விபூதியும் முகம் நிறையக் கவலையுமாகச் சபையில் போட்டுக்கொடுப்பவர். ஃபேஸ்புக்கில் அவர் பெயர் 'எரிமலை'. "கட்டுகளை அறுத்து வெளியே வா மகளே, உனக்காகக் காத்திருக்கிறோம்!" என்பார். எங்கே காத்திருப்பார்? குளியலறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு.

அதை வருஷக்கணக்காக வாசித்த பக்கத்து வீட்டு மாதுரி நிஜமாகவே வெளியே வந்துவிட்டாள். பள்ளுருத்தியில் ஓர் அறை, துணிக்கடையில் வேலை. உடனே சபை கூடியது. அவளை வீட்டில் ஏற்றினால் அந்த வீட்டுச் சாவுக்குக்கூடப் புரோகிதர் வரமாட்டார் என்று தீர்மானம். மாதுரியின் அம்மா கமலாக்ஷி காரியதரிசியிடம் ஓடினாள்.

"அண்ணா, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போறும். அவ அப்பா கட்டிலோட கெடக்கார். குட்டி ஒரு தடவை வந்து கண்டுட்டுப் போகட்டும்."

"நான் என்ன பண்றது கமலாக்ஷி? எல்லாம் இந்த நெட் பண்ற வேலையாக்கும். ஏதோ ஒரு தெம்மாடி, போக்கிரிப் பய, எழுதினதை வாசிச்சுக் கெட்டுப்போயிட்டா."

எழுதியவன் தெம்மாடி என்பதில் மட்டும் அவர் துளிகூடப் பொய் சொல்லவில்லை.

மறுநாள் எரிமலை பொங்கியது. குளித்து மடியாக நின்றதால் ஃபோனைத் தொடக்கூடாது, எட்ட நின்று வாயால் சொல்ல, ஃபோன் கேட்டதையெல்லாம் எழுதிப் பதிவிட்டது: "மகளே, தீட்டு என்பது மனிதனை மனிதன் அவமதிக்கும் கொடுமை லோகாம்பா கிட்ட வராதே மடியா இருக்கேன் தொட்டுடாதே அதை உடைத்தெறிந்த உன்னை வணங்குகிறேன்."

லோகாம்பாள் அவர் மனைவி. மாதுரி கீழே ஒரே வரி எழுதினாள்: "நீலகண்டன் மாமா, அப்பாவைக் காண விடுவேளா?"

எரிமலை அந்த நிமிஷமே அணைந்தது. யாரோ தன் ஃபோனுக்குள் புகுந்துவிட்டான் என்று சபையில் சத்தியம் செய்தார். சபையும் நம்பியது. அதில் பாதிப் பேருக்கு அப்படியொரு பொய்ப்பெயர் இருந்ததே!

மாதுரியின் அப்பா அந்த மாதமே போய்விட்டார். பாடை எடுப்பதை அவள் பள்ளுருத்தியில் உட்கார்ந்து ஃபோனில் பார்த்தாள். நீலகண்டனோ இப்போது வேறு பெயரில், தகப்பனை இழந்த பெண்களுக்கு உருக்கமாக ஆறுதல் எழுதிக்கொண்டிருக்கிறார்.

சே, என்ன மனிதர் என்கிறீர்களா? இதை நாலு பேருக்கு அனுப்பப் போகிறீர்களா? தாராளமாக அனுப்புங்கள். உங்கள் சொந்தப் பெயரில், உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு முதலில்.

ஏன், விரல் நின்றுவிட்டதே?