பேட்ச் அக்காவும் பதினேழு பள்ளிக்கூடங்களும்

கம்பம் பள்ளத்தாக்கிலேயே கம்ப்யூட்டரை அதட்டி வேலை வாங்கிய ஒரே மனுஷி எங்கள் பேட்ச் அக்காதான். நாங்களெல்லாம் அதனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தோம்.

2005 வாக்கில் பழனிசெட்டிபட்டியில், ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் முதலாளி, அக்கா, நான், நாலு கம்ப்யூட்டர். பள்ளிக்கூடங்களுக்கு ரேங்க் கார்டு அச்சடிக்கும் சாஃப்ட்வேர் செய்து விற்றோம். சாஃப்ட்வேர் ஒன்றுதான். ஆனால் வாங்கிய பதினேழு பள்ளிகளுக்கும் பெயர் வேறு, முத்திரை வேறு. அதனால் பள்ளிக்கு ஒன்றாகப் பதினேழு பேட்ச் ஃபைல்களை அக்கா எழுதி வைத்திருந்தார். கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுக்கும் வேலைப் பட்டியல் அது. ஓட்டிவிட்டால், செட்டிங்ஸ் ஃபைலில் அந்தப் பள்ளியின் விவரத்தைத் தேடி எடுத்து, துண்டு துண்டாகக் கிடக்கும் புரோகிராமைச் சேர்த்து, சி.டி.யாக்கிக் கொடுத்துவிடும்.

அக்காவின் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும். காலையில் உத்தமபாளையம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் முதல் வேலை, அந்தப் பதினேழு பேட்ச் ஸ்கிரிப்ட்டையும் ஓட்டி அட்டெண்டன்ஸ் எடுப்பது. "கூடலூர்?" என்பார். ஸ்கிரீனைப் பார்த்து, ஒழுங்காக ஓடியிருந்தால், "உள்ளேன் அக்கா" என்று நான் சொல்லவேண்டும். ஏதாவது ஒன்று நின்றுவிட்டால், "ஏண்டா வரல, காய்ச்சலா?" என்று ஸ்கிரீனைத்தான் கேட்பார்.

அந்தச் சமயத்தில் முதலாளி பெங்களூரிலிருந்து சேகர் என்ற புரோகிராமரை அழைத்து வந்தார். வந்தவர் ஒரே வாரத்தில் பழைய செட்டிங்ஸ் ஃபைலைத் தூக்கிவிட்டு, பள்ளிக்கு ஒரு ஃபைல் என்று புது முறையைக் கொண்டுவந்தார். நல்ல முறைதான். ஆனால் அக்கா அந்த வாரம் லீவு. அட்டெண்டன்ஸை நானே எடுத்தேன். நானே கூப்பிட்டு, நானே உள்ளேன் சொன்னேன். பதினேழும் ஓடின. கோம்பைப் பள்ளிக்கான சி.டி.யை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அது ஆண்கள் பள்ளி. காலாண்டு ரேங்க் கார்டு பிரிண்டரிலிருந்து வந்தது. தலைப்பில் 'பெண்கள் மேல்நிலைப் பள்ளி' என்று இருந்தது.

தலைமையாசிரியர் கார்டை நெடுநேரம் பார்த்தார். "தம்பி, எங்க பயலுக மேல எனக்கும் கோவம் உண்டு. அதுக்காக இப்பிடியா?" என்றார். பிறகு குரல் மாறியது. "வெள்ளிக்கெழம பெத்தவுக கையில கார்டு குடுக்கணும். அதுக்குள்ள சரியா வரலைன்னா கையாலயே எழுதிக்கிறோம். ஒங்க சி.டி. வேணாம்."

நான் திரும்பியபோது அக்கா வந்திருந்தார். எங்கே தப்பு என்று கண்டுபிடித்தும் விட்டார். விவரம் கிடைக்காவிட்டால், மாதிரிக்கென்று வைத்திருந்த ஒரு பெண்கள் பள்ளியின் பெயரை ஸ்கிரிப்ட் எடுத்துக்கொள்ளுமாம். பதினேழும் அப்படித்தான் எடுத்திருந்தன.

"பழசையெல்லாம் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதிடலாம் மேடம். ரெண்டு வாரம் ஆகும்" என்றார் சேகர்.

"வீட்ட மாத்துனீகளே, அதுக்கிட்ட ஒரு வார்த்த சொன்னீகளா?" என்றார் அக்கா. "அது பழைய வீட்டுக் கதவத் தட்டியிருக்கு. அங்கன இருந்தவுகளக் கூட்டிட்டு வந்துருச்சு." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "உள்ளேன்னு சொன்னியே, வந்தது யாருன்னு மூஞ்சியப் பாத்தியா?"

பார்க்கவில்லை.

அக்கா இரண்டு காரியம் செய்தார். முதலில் சின்னதாக ஒரு புரோகிராம். சேகரின் புது ஃபைல்களைப் படித்து, ஸ்கிரிப்ட்டுகள் தேடும் பழைய ஃபைலை அச்சு அசலாக எழுதி வைப்பதுதான் அதன் வேலை. சேகரின் முறையும் பிழைத்தது, ஸ்கிரிப்ட்டுகளும் பிழைத்தன. அடுத்து, அந்த மாதிரிப் பெயரை அழித்தார். இனிமேல் பெயர் கிடைக்காவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். யார் பேரையாச்சும் சொல்லப்படாது" என்றார்.

வியாழக்கிழமை பதினேழு கார்டுகளின் தலைப்பையும் என்னைச் சத்தம்போட்டு வாசிக்க வைத்தார். வெள்ளிக்கிழமை கோம்பைப் பையன்கள் மறுபடி பையன்களானார்கள். 'இது என் கார்டே இல்லை' என்று வீட்டில் சொல்ல வழியில்லாமல், ஃபெயிலானவர்கள் மட்டும் கொஞ்சம் ஏமாந்திருப்பார்கள்.

அடுத்த சில மாதங்களில் ஸ்கிரிப்ட்டுகளை ஒவ்வொன்றாகப் புது முறைக்கு மாற்றினார். கடைசி ஒன்றும் மாறிய அன்று, அந்தச் சின்ன புரோகிராமைத் தானே அழித்தார். சேகருக்கே மனசு வரவில்லை. "இருந்துட்டுப் போகட்டுமே மேடம்."

"வேல முடிஞ்சிருச்சு. இங்கன கெடந்தா எவனாச்சும் அத நம்பிருவான்."

பிறகு கொச்சியில் நல்ல வேலை கிடைத்து அக்கா போய்விட்டார். ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு சி.டி. போட உட்கார்ந்தேன். ஸ்கிரிப்ட் பாதியில் நின்று, ஆங்கில எழுத்தில் தமிழாகக் கேட்டது: 'சாப்பிட்டியா?' இல்லை என்று தட்டினேன். 'போய்ச் சாப்பிட்டுட்டு வா' என்று மூடிக்கொண்டது. ஒன்றரைக்கு மேல் ஓட்டினால் கேட்கும்படி எழுதி வைத்திருக்கிறார். எப்போது எழுதினார் என்று அந்த ஃபைலின் தேதியைப் பார்த்தேன். அது ரம்ஜான் மாதம். அக்கா நோன்பிலிருந்து எழுதியது.

அந்தக் கம்பெனியில் இருந்தவரை, அந்தக் கேள்விக்கு நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.