பின்சீட்டுத் தலையணை

“அப்ப, இந்த வண்டி ஷெட்டை விட்டு நகந்ததே இல்லங்கிறீக?”

“நகந்ததே இல்ல சார்” என்றான் பிரிட்டோ, மாதா மேல் சத்தியம் செய்யாத குறையாக.

“அப்பறம் டயர்ல செம்மண்ணு எப்பிடித் தம்பி வந்துச்சு?”

இன்சூரன்ஸ் ஆபீசர் கருப்புசாமி குனிந்து நகத்தால் சுரண்டிக் காட்டினார். மண்ணில் ஈரம்கூட இன்னும் காயவில்லை. பிரிட்டோவும் குனிந்து பார்த்தான். ஷெட்டுக்குள்ளேயே நிற்கிற காருக்குச் செம்மண் எப்படி வந்தது என்று அவனுக்கும் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது.

ஸ்தனிஸ்லாஸ் வாத்தியார் வீட்டில் கார் இரண்டு. ஒன்று மாருதி. ஓய்வு பெற்ற பிறகு தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு சின்னாளப்பட்டியில் இருக்கும் தம்பியின் நூல் கடைக்குப் போய்விடுவார். விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். இன்னொன்று இந்தப் பழைய பியட். வத்தலக்குண்டில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த மாமனார், கண்ணை மூடுவதற்கு முன் மகள் புஷ்பமேரிக்கு விட்டுப்போனது. கிறிஸ்துமஸுக்கு ஒரு தரம் கோயில் வரைக்கும் போய் வரும். மற்ற நாளெல்லாம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடக்கும்.

போன வாரம் அதன் இன்சூரன்ஸ் முடிந்தது. வாத்தியார் கறாராகச் சொல்லிவிட்டார்.

“ஓட்ட ஆளில்லாத வண்டியக் கட்டிக்கிட்டு எதுக்குலே அழுவணும்? ஒட்டன்சத்திரத்து வியாபாரி கேட்டுக்கிட்டே இருக்காரு. குடுத்துருவோம்.”

“நான் ஓட்டுறேன்ப்பா!”

“நீயா? இன்சூரன்ஸ்காரன் ஒன்னைய நம்பி எழுதிக் குடுக்கட்டும், அப்பறம் நானும் நம்புறேன்.”

பிரிட்டோவுக்கு வயது இருபத்தொன்று. அவன் லைசென்சுக்கு வயது மூன்று வாரம். புது லைசென்சைக் காட்டினால் எந்த ஆபீசரும் பேனாவை மூடிவிடுவார் என்று அவனே யோசித்து, அவனே ஒரு வழியும் கண்டுபிடித்தான். வண்டி ஓடவே ஓடாது என்று சொல்லிவிட்டால் போயிற்று. ஓடாத வண்டிக்கு என்ன ஆபத்து வரப்போகிறது? அந்தப் புத்திசாலித்தனத்தைத்தான் இப்போது செம்மண் தின்றுகொண்டிருந்தது.

உண்மையில் அவனுக்கு அந்தக் கார் வேண்டும். ஓட்டுவதற்கு அல்ல, தூங்குவதற்கு.

அப்பா கிளம்பியதும் அம்மா தட்டில் சோற்றை மலையாகக் குவிப்பாள். “இன்னுங் கொஞ்சம் தயிர் ஊத்திக்க சாமி” என்று குழையக் குழையப் பிசைந்து போடுவாள். கண் சொருகும். நேரே ஷெட்டுக்குப் போய்ப் பின்சீட்டில் விழுவான். வளர்ந்த பிள்ளை காரில் படுத்துத் தூங்குகிறானே என்று அம்மா ஒரு நாளும் கடிந்துகொண்டதில்லை. அவன் உருண்டு விழாமல் இருக்க உறை தைத்து ஒரு தலையணைகூடக் கொண்டுவந்து வைத்தாள். அவன் தூங்கினால் காதடியில் மேளம் கொட்டினாலும் அசையமாட்டான்.

அந்தத் தூக்கத்தில் ஒரு கனவு வரும். தினமும் அதே கனவு. செம்மண் ஓரம் போட்ட கன்னிவாடிச் சாலையில் பியட் போய்க்கொண்டிருக்கும். புளியமரங்களின் நிழலும் வெயிலும் மாறி மாறி இமைமேல் விழும். ரயில்வே கேட்டில் மெல்லத் தூக்கிப் போடும். தூரத்து மலை கூடவே நடந்து வரும். ஜன்னல் வழியே மல்லிகை வாசனை அள்ளிக்கொண்டு வரும். முன்னால் ஒரு பெண் பூ வைத்துக்கொண்டு மெதுவாக ஏதோ பாடுவாள். கனவில் கார் ஓட்டுவது அவன்தான். ஆனாலும் அவனுக்குத் தெரிவது அவளுடைய பின்னந்தலை மட்டுமே. கனவுக்கு ஏது கணக்கு? கோயில் பாடகர் குழுவில் இருக்கும் ரீனாதான் அவள் என்று அவனாகவே முடிவு செய்து வைத்திருந்தான். விழிக்கும்போது ஷெட்டின் ஓட்டை வழியே சாயங்கால வெயில் விழுந்திருக்கும். அந்தச் சுகத்துக்காக அவன் எதையும் கொடுப்பான்.

“இதென்ன தம்பி?” கருப்புசாமி முன்சீட்டுக்குக் கீழேயிருந்து வாடிய மல்லிகைப் பூக்களைப் பொறுக்கினார்.

“அது… தெருவுல பேச்சாயி அக்கா பூ விக்கும் சார். அம்மா வாங்கி வண்டியில இருக்குற மாதா படத்துக்கு வைப்பாங்க.”

“மாதா மேல இருக்காக. பூவு காலடியில கூடைக்கணக்குல கெடக்கே?”

கருப்புசாமி மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“போன வருசமும் நான்தான் வந்து பாத்தேன். அதுக்கு நாலாயிரம் கிலோமீட்டர் கூடியிருக்கு. இது ஓடாத வண்டியா?”

செம்மண், மல்லிகை, தூரம். பிரிட்டோ விரல் விட்டு எண்ணினான். எல்லாமே அவன் கனவில் வருபவை. தூக்கத்தில் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள், பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால்…

“சார்” என்றான். “நான் தூக்கத்துல ஓட்டுறேன்னு நெனைக்கிறேன்.”

இன்று கடைக்குப் போகாமல் இதற்காகவே வீட்டில் இருந்த வாத்தியார் நெற்றியில் அடித்துக்கொண்டார். “கேட்டீகளா? இவனுக்குப் போயி இன்சூரன்ஸ் எழுதுங்க.”

கருப்புசாமி அவசரப்படவில்லை. காரில் ஏறிச் சாவியைத் திருகினார். முதல் திருகலிலேயே எஞ்சின் முனகாமல் பிடித்துக்கொண்டது. முற்றத்தில் ஒரு வட்டம் அடித்துவிட்டு இறங்கினார். அவர் முகம் மாறியிருந்தது.

“வாத்தியாரய்யா, யாரு ஓட்டுறாகளோ தெரியல. கியரு வெண்ணெயாட்டம் விழுது. கிளட்சு தேயல, ஒரு கீறல் இல்ல. இப்பிடிப் பதனமா ஓட்டுற ஆள நான் பாத்ததில்ல. அந்த ஆளக் காட்டுங்க, இங்கனயே நின்னு எழுதித் தாரேன்.”

“அப்பிடி ஒரு ஆள் இந்த வீட்டுல இருந்தா, நானும் வண்டிய விக்கல” என்றார் வாத்தியார்.

அடுக்களை வாசலில் நின்ற புஷ்பமேரி வாயைத் திறந்தாள். புருஷனைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். அவளை யாரும் கேட்கவில்லை.

“நான்தான் சார் அந்த ஆளு!” பிரிட்டோ பாய்ந்து ஏறினான். கியரைப் போட்டான். கார் ஒரு முறை குதித்து நின்றுவிட்டது. மறுபடி போட்டான், மறுபடி குதித்தது.

“முழிச்சிருக்கேன்ல, அதான் வரமாட்டேங்குது” என்றான். தூக்கத்தில் ஓட்டுகிறவன் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் எப்படி வரும்? கண்ணை இறுக மூடினான். புளியமரங்களையும் ரயில்வே கேட்டையும் நினைத்துக்கொண்டு மெதுவாகக் காலை எடுத்தான்.

கார் அழகாக நகர்ந்தது. குரோட்டன்ஸ் தொட்டிகள் வரிசையாக உடைந்தன. கொய்யா மரத்தில் போய் இடித்து நின்றது. தலையில் விழுந்த கொய்யாப் பிஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டு கருப்புசாமி பையை மூடினார்.

“வியாபாரிக்கு இப்பவே போன் போடுறேன்” என்று வாத்தியார் உள்ளே திரும்பினார்.

“ஏங்க” என்றாள் புஷ்பமேரி. “எங்கப்பா வண்டிங்க.” அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. வளைந்துபோன பம்பரை முந்தானையால் துடைத்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் பிரிட்டோ ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். கனவு போனால் போகிறது, அம்மா அழுது அவன் பார்த்ததே இல்லை.

“விடும்மா” என்றார் வாத்தியார், குரல் சற்று இறங்கி. “ஓட்ட ஒரு ஆளு இல்லாம வச்சிருந்து என்ன செய்ய?”

அப்போது வெளிக்கதவு கிரீச்சிட்டது. காலையில் தெருவெல்லாம் பூ விற்றுவிட்டுக் கன்னிவாடிக்குத் திரும்பும் பேச்சாயி, காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உரிமையோடு உள்ளே வந்தாள். நேரே காரின் முன்கதவைத் திறந்து கூடையைக் காலடியில் வைக்கப் போனவள், ஓட்டுகிறவர் இடத்தில் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்த பிரிட்டோவைப் பார்த்து நின்றாள்.

“ஏம்மா, இன்னைக்கு ஒங்க மகன் முழிச்சிட்டாரா? அப்ப நீங்க வண்டி எடுக்க மாட்டீகளா?”