கொண்டைப்பாறை ஆஸ்பத்திரி களவுபோன வரலாறு

வாருங்கள் தமிழ்ப் பெருமக்களே, ஓர் அநீதிக்குச் சாட்சியாக வாருங்கள்! கோயில் நகை களவுபோய்க் கேட்டிருக்கிறீர்கள். கூட்டுறவுச் சங்கத்து உரமூட்டை களவுபோய்க் கேட்டிருக்கிறீர்கள். ஓர் ஆஸ்பத்திரியே பட்டப்பகலில், ஒரு பெண்ணின் தலைச்சுமையாகக் களவுபோய்க் கேட்டதுண்டா? திருவள்ளூரிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம் குலுங்கி வந்தால் சேரும் எங்கள் மலையூர் கொண்டைப்பாறையில், இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டில் அதுவும் நடந்திருக்கிறது.

முதலில் ஊரின் மேன்மையைச் சொல்ல வேண்டும். எங்கள் நலவாழ்வுக் குழுவின் தலைவர் தணிகாசலம், கல்குவாரி நடத்தும் சிந்தனையாளர். நோய் தாழ்வான இடத்தில் வளர்கிறது, நலம் உயரத்தில் வாழ்கிறது என்று அவர் கண்டறிந்தார். ஆகவே ஆஸ்பத்திரி மலையுச்சியில் எழுந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். அடிவாரத்தில், பேருந்து நிற்கும் இடத்தருகே, புறம்போக்கு நிலம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அங்கே தலைவரின் ஜல்லி லாரிகள் நான்கு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. ஓய்வில் இருப்பவர்களை எழுப்புவது நாகரிகமா?

பலன் உடனே தெரிந்தது. படியேற முடிந்தவர்களுக்குப் பெரிய நோய் இல்லை. பெரிய நோய் கண்டவர்களால் படியேற முடியவில்லை. மூன்றாண்டுகளில் ஆஸ்பத்திரிக்குள் ஒரு சாவுகூட நிகழவில்லை. எந்த மாநகரம் இதைச் சாதித்தது?

சென்ற ஆண்டு மட்டும் ஒரு சிறு சங்கடம். ரத்னா என்ற இளம்பெண் தலைப்பிரசவத்துக்கு ஏறினாள். நூற்று நாற்பதாம் படியில் பிறந்த குழந்தை, நூற்று அறுபதாம் படிக்குமேல் அழவில்லை. குழு அவசரமாகக் கூடியது. அந்தச் சாவு படிகளைச் சேர்ந்தது, ஆஸ்பத்திரியைச் சேர்ந்ததன்று என ஒருமனதாகத் தீர்மானித்தது. கைப்பிடிச் சுவருக்கு வெள்ளையடிக்கவும் தீர்மானித்தது.

இந்த ஆண்டு "நலவாழ்வுக் கேடயம்" எங்களைத் தேடி வந்தது. அதை வழங்கும் அதிகாரியை உச்சிக்குச் சுமந்து செல்ல டோலி ஒன்று செய்து, நான்கு ஆட்களையும் அமர்த்தினார் தலைவர். நாகரிகம் அறியாத ரத்னாவுக்கு அன்று காலையில்தானா மறுபடி வலி எடுக்க வேண்டும்?

அவள் மாமியார் எல்லம்மா ஓடிவந்தபோது, தலைவர் டோலிக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்.

"டோலிய அர நாழி குடு நைனா. பொண்ணு துடிச்சிக்கினு கீது."

"அது அதிகாரிக்கும்மா. அவுருக்கு மூச்சு வாங்கும். ரத்னா வயசுப் பொண்ணு, மெதுவா ஏறட்டும். ஏறுனா ஒடம்புக்கு நல்லது."

"போன வருசம் ஏறுனாளே, நல்லாச்சா?"

சென்ற ஆண்டு நிகழ்ச்சி இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று தலைவர் கண்ணியமாக விளக்கினார்.

ரத்னாவை அடிவாரத்தில் விட்டுவிட்டு எல்லம்மா தானே மலையேறினாள். உச்சியில் தனியே காற்று வாங்கிக்கொண்டிருந்த நர்ஸ் ஞானம்மா, கதையைக் கேட்டுப் பையை எடுத்தாள்; எடுத்த பையைக் கீழே வைத்தாள்.

"ஆஸ்பத்திரிய உட்டு ஒரு அடி நகர்ந்தாலும் வேலை போயிடும்னு தலைவர் எழுதியே குடுத்துகீறாரும்மா."

"ஆஸ்பத்திரின்னா எது? இந்தச் செவுரா?"

ஞானம்மா சுவரில் தொங்கிய பலகையை அண்ணாந்து பார்த்தாள். "செவுரு இன்னும் சர்க்கார் கணக்குல பதிவாவல. பலகையில மட்டுந்தான் ஆஸ்பத்திரின்னு எழுதிகீது."

"அப்ப கெளம்பு. ஆஸ்பத்திரி கீழ போவுது."

எல்லம்மா பலகையைக் கழற்றித் தலையில் வைத்தாள். ஞானம்மா விதி பிறழாமல் பலகையின் நிழலிலேயே நடந்தாள். நூறாவது படியில் டோலி எதிரே ஏறிவந்தது. உள்ளிருந்த அதிகாரி பலகையை எழுத்துக்கூட்டிப் படித்து, தாம் போக வேண்டிய இடம் ஏன் எதிரே வருகிறது என்று வினவினார். வழிவிடும்படி எல்லம்மா கேட்டுக்கொண்டாள்.

உச்சியில் வெறுஞ்சுவரும் இரண்டு ஆணிகளும் வரவேற்றன. கேடயத்தை யாரிடம் கொடுப்பது என்று அதிகாரி திகைத்தார். தலைவர் அவருக்குக் காற்றைச் சுட்டிக்காட்டினார். அந்தக் காற்றில்தான் கீழிருந்து ஒரு சத்தம் வந்தது. அடிவாரத்தில் ஜல்லி லாரி ஒன்றின் பக்கப் பலகையில் ஆஸ்பத்திரி தொங்கியது. புடவைகளைச் சுற்றிக் கட்டிய லாரித் தொட்டியில் ரத்னாவின் பெண்குழந்தை வீறிட்டது.

அது என்ன சத்தம் என்றார் அதிகாரி. டோலி தூக்கி வந்த துலுக்காணம் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "ஆஸ்பத்திரி சத்தம் சார். மூணு வருசத்துல ஆஸ்பத்திரில கொழந்த அழுவுறது இதான் மொத தபா."

ஆஸ்பத்திரியைத் திருடியதாகத் தலைவர் புகார் கொடுத்துவிட்டார். முதல் குற்றவாளி எல்லம்மா, உடந்தை ஞானம்மா. குழுவின் கருணையைப் போற்றுங்கள்: குழந்தையின்மேல் இதுவரை வழக்கு இல்லை. வரும் வியாழக்கிழமை திருவள்ளூர் நீதிமன்றத்தில் விசாரணை. ஆணிகள் இரண்டும் அரசுத் தரப்புச் சான்றுகள். பலகை போலீஸ் காவலில் இருக்கிறது. லாரிகள் பழைய இடத்தில் ஓய்வெடுக்கின்றன. நூற்று அறுபதாம் படியின்மேல் மட்டும் எவரும் புகார் கொடுக்கவில்லை.

பெருமக்களே, சாட்சிக் கூண்டில் ஏறுவதற்காக மட்டும் வந்து நிற்காதீர்கள். புதன்கிழமையே கொண்டைப்பாறைக்கு வாருங்கள். இருநூற்றுப் பன்னிரண்டு படியும் ஏறுங்கள். நூற்று அறுபதில் ஒரு கணம் நில்லுங்கள். இறங்கும்போது உச்சியிலுள்ள அந்த வெறுஞ்சுவரிலிருந்து ஆளுக்கொரு செங்கல் எடுத்துவந்து, லாரிகளை எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் அடுக்குங்கள். ஒருத்தி தூக்கினால்தான் அது திருட்டு. ஊரே தூக்கினால் அதற்குப் பெயர் தீர்மானம்!