பட்டியலில் மீதி ஒன்று

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது. அந்தச் சிங்கத்துக்கு ஏரி நடுவே நாணல்திட்டு என்று ஓர் இடமும் இருந்தது. அதன் கொள்ளுத்தாத்தா ஒருமுறை அங்கே நீந்திப் போய், கர்ஜித்து, ஜலதோஷம் பிடித்துத் திரும்பினார். அன்றிலிருந்து திட்டு சிங்கத்துடையது.

திட்டில் கனகவல்லி என்ற நாமக்கோழி, ஒரு நீர்ப்பறவை, குடியிருந்தாள். கூட்டை ஒரு முழம் நகர்த்துவதென்றாலும் அவள் சிங்கத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். பதில் வருவதற்குள் குஞ்சுகளே முட்டையிட ஆரம்பித்துவிடும். கேட்காமல் நகர்த்தினால் காவல் முதலை முட்டைகளைப் பறிமுதல் செய்து, தின்றுவிட்டு, ரசீது கொடுக்கும்.

இந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. கூட்டில் ஆறு முட்டைகள். காலையில் தண்ணீர் கூட்டின் அடியை நக்கத் தொடங்கியது.

எல்லாக் காடுகளும் சேர்ந்து அமைத்த ‘மீதமுள்ள திட்டுகள் விடுதலைக் குழு’ அக்கரை ஆலமரத்தடியில் கூடிக்கொண்டிருந்தது. நான்காவது விடுதலைப் பத்தாண்டை அப்போதுதான் மாலை மரியாதையோடு தொடங்கியிருந்தார்கள். முட்டைகளைப் புருஷனிடம் ஒப்படைத்துவிட்டு, அவள் அங்கே நீந்திப் போனாள்.

தலைவர் கொக்கார் கோரைப்பாயில் ஒற்றைக்காலில் நின்றிருந்தார். “வாங்கம்மா. படிவம் பூர்த்தி பண்ணியாச்சா?”

“பண்ணிட்டேன் ஐயா. அடியில ‘சுயாட்சி அரசின் முத்திரை’ன்னு போட்டிருக்கு. அது என்கிட்ட இருந்தா நான் ஏன் இங்க வர்றேன்?”

“நல்ல கேள்வி. ஆய்வுக்கு எடுத்துக்கறோம்,” என்றார் கொக்கார். பக்கத்திலிருந்த குழு உறுப்பினர் கரடி குறித்துக்கொண்டது. “தனியாட்சியா, கூட்டாட்சியா, சிங்கத்தோடயே ஐக்கியமா, எது வேணும்னு அடுத்த வருஷம் நேர்ல வந்து கேட்போம்.”

“எனக்குக் கூட்டை மேட்டுக்குத் தூக்கணும் ஐயா. இன்னைக்கே.”

“அது நாலாவது. நாலாவது எங்ககிட்ட இல்லை.”

எழுத்தராயிருந்த கிழட்டு அணில் அவளை ஓரமாகக் கூப்பிட்டது. “பட்டியல்ல மீதி உன் திட்டு ஒண்ணுதான் தாயி. அதையும் விடுவிச்சுட்டா குழுவைக் கலைச்சுடுவாங்க. அப்புறம் தலைவர் மீன் பிடிச்சுத்தான் சாப்பிடணும். அவருக்கு அது மறந்தே போச்சு.”

கனகவல்லி திட்டின் பக்கம் பார்த்தாள். தண்ணீர் நிற்பதாக இல்லை.

அந்நேரம் பாயின் பாதியில் வெயில் ஏறியது. கரடி நிழல் பாதிக்கு ஒண்டியது. கொக்கார் அணிலிடம், “யானையாருக்கு மனு எழுது. பாயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாமான்னு கேளு,” என்றார்.

“போன கோடையில எழுதினதுக்கே பதில் வரலைங்க.”

கனகவல்லி கேட்டாள்: “பாயை நகர்த்த யானையாரைக் கேட்கணுமா ஐயா?”

“மரம் அவருடையதாச்சே அம்மா.”

“கேட்காம நகர்த்தினா?”

“மிதிப்பார்.”

“அப்ப நீங்களும் மீதிதானே?”

கொக்கார் இரண்டாவது காலையும் கீழே வைத்தார். கரடியின் கண் கலங்கியது. “இத்தனை வருஷம் இது நமக்குத் தோணவே இல்லையே,” என்றது.

உடனே அவசரத் தீர்மானம் போட்டார்கள். பட்டியலில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம். அதனால் ‘நாணல்திட்டு’ என்பதை அடித்துவிட்டு, ‘விடுதலைக் குழுவின் பாய்’ என்று எழுதினார்கள். பட்டியலில் இல்லாத திட்டு விடுதலையான திட்டு. அணில் முத்திரை குத்தி, நகல் ஒன்றை அவளிடம் கொடுத்தது.

முதலை நகலை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ரசீதுப் புத்தகத்தோடு வேறு உத்தியோகம் தேடிப் போனது. சிங்கத்துக்குச் செய்தி போனபோது அது, “அந்தத் திட்டு இன்னும் நம்மகிட்டயா இருந்துச்சு?” என்று கேட்டதாம்.

இருட்டுவதற்குள் ஆறு முட்டைகளும் மேடேறின. குழு இப்போது பாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஆய்வுப் பயணம் போகத் தயாராகிறது. ஐந்தாவது பத்தாண்டுக்கும் மாலை சொல்லியாகிவிட்டது.

நீதி: உங்களை விடுவிக்க வருகிறவர்களுக்கு முதலில் வேறோர் அடிமையைக் காட்டிவிடுங்கள். அவர்களையே காட்டினால் காரியம் சாயங்காலத்துக்குள் முடியும்.