கிளம்பாத மெஷினும் கிளம்பிவிட்ட பேத்தியும்

அக்டோபர் மாதமே நான் சபதம் போட்டுவிட்டேன்.

"இந்த வீட்டு வாசல் பனியை என் மெஷின்தான் ஊதித் தள்ளும். அடுத்தவன் டிராக்டர் எல்லைக்குள்ள நுழைஞ்சா என் பேரு ரொசேர் இல்ல!"

என் மனைவி யுகெட் பட்டாணி சூப்பைக் கிளறிக்கொண்டே, "எதுக்கும் இன்னொரு நல்ல பேரா யோசிச்சு வை" என்றாள்.

பிப்ரவரியில் வந்தது சோதனை. விடிய விடியக் கொட்டிய பனி காலையில்தான் ஓய்ந்தது. கதவைத் திறந்தால் முழங்கால் வரை வெள்ளை. அது போதாதென்று, தெருவைச் சுத்தம் செய்த வண்டி தெருவிலிருந்த அத்தனை பனியையும் என் வாசலில் இடுப்பளவு மதிலாகக் கட்டிவிட்டுப் போயிருந்தது.

ஏழு மணி. மாடியிலிருந்து மகள் கோரினின் குரல்.

"அப்பா... எனக்கு வலி ஆரம்பிச்சிருச்சு."

நிறைமாசம். மருமகன் யானிக் வடக்கே இரும்புச் சுரங்கத்தில். ஆஸ்பத்திரி, சாலை நன்றாக இருந்தாலே நாற்பது நிமிடம். காரோ மதிலுக்கு இந்தப் பக்கம்.

"பயப்படாதே! அரை மணியில வாசலை ராஜபாட்டையாக்கிடறேன்!" என்று கோட்டை மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன்.

கயிற்றை ஒரே இழு. மெஷின் உறுமியது. நானும் உறுமினேன். இருவரும் வீரநடையாகப் பத்தடி போனோம். அதன்பிறகு அது இரண்டு முறை இருமியது. நின்றது.

மறுபடி இழுத்தேன். சத்தமே இல்லை.

யுகெட் சமையலறை ஜன்னலைத் திறந்தாள்.

"என்னய்யா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. மூச்சு வாங்குது."

"யாருக்கு, அதுக்கா, உனக்கா?"

"அதுக்குத்தான்!"

"பெட்ரோல் இருக்கா?"

"தளும்புது!"

"சோக்கு?"

"போட்டேன்."

"ஊருக்கெல்லாம் பனி வார்ற நோர்மானைக் கூப்பிடட்டுமா? டிராக்டர்ல வந்தா மூணு நிமிஷ வேலை."

"நான் உயிரோட இருக்கறவரைக்கும் கூடாது!"

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். சருகுபோல் காய்ந்திருந்தது. ஆக, பெட்ரோல் இன்ஜினுக்கு வந்து சேரவில்லை. டாங்க் நிறைய இருந்தும் வரவில்லையென்றால்? கார்பரேட்டரில் பனிக்கட்டி! கண்டுபிடித்துவிட்டேன்.

"யுகெட்! உன் ஹேர் டிரையரைக் கொண்டா!"

"உனக்கு எதுக்குய்யா அது? காயவைக்க உன் தலையில என்ன இருக்கு?"

சொல்லிக்கொண்டே, நீள ஒயரோடு அதை ஜன்னல் வழியாக நீட்டினாள். கார்பரேட்டருக்குச் சூடு காட்டினேன். இழுத்தேன். இல்லை. இன்னும் சூடு. இன்னும் இழு. இல்லை.

"ஏய்யா, அவளுக்கு எட்டு நிமிஷத்துக்கு ஒரு வலி!"

"எனக்கு நிமிஷத்துக்கு எட்டு வலி!" என்று கயிற்றை வலித்தேன்.

அடுத்த தடவை ஜன்னல் திறந்தபோது கேலி இல்லை. கோரினின் முனகல் மட்டும் வெளியே வந்தது.

"இப்ப அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வலி" என்றாள் யுகெட்.

கையுறைக்குள் விரல்கள் மரத்துவிட்டன. தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. சமையலறை மேஜையில் பிள்ளை பிறப்பதுபோல் ஒரு காட்சி கண்ணுக்குள் ஓடியது. பனியில் மண்டியிட்டு மெஷினைக் கட்டிப்பிடித்தேன். "தங்கமே, இன்னைக்கு ஒருநாள் கிளம்பிடு. கோடைகாலம் பூரா உன்னைத் துடைச்சு வைக்கிறேன்." அது கல்லாக நின்றது. என் கண்ணீர் இமையிலேயே உறைந்தது.

"யுகெட்! நோர்மானைக் கூப்பிடு! மானம் போனாப் போகட்டும்!"

சொல்லி வாய் மூடவில்லை, மதிலுக்கு அப்பால் மஞ்சள் விளக்கு சுழன்றது. நோர்மானின் டிராக்டர் மதிலைப் பிளந்துகொண்டு உள்ளே நுழைந்தது.

"ரொசேர் அண்ணே, தள்ளி நில்லுங்க! மெஷினோட சேத்து உங்களையும் வாரிடப்போறேன்!"

மூன்றே நிமிடம். வாசல் தரை தெரிந்தது. யுகெட் காரை ஓட்ட, கோரின் பின்சீட்டில் பல்லைக் கடிக்க, நான் முன்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த இருபதாவது நிமிடம் பேத்தி பிறந்தாள். தாயும் சேயும் நலம்.

நடைக்கூடத்தில் நின்று யானிக்குக்கு போன் போட்டேன். "மாப்பிள்ளை, கார்பரேட்டர் உறைஞ்சுபோச்சு. நானும் விடல. அரை மணி நேரம் யுத்தம்!"

போனை வைத்ததும் பக்கத்தில் நின்ற யுகெட் சொன்னாள்: "கார்பரேட்டர் ஒண்ணும் உறையல. டாங்குக்கு அடியில இருக்கற பெட்ரோல் டேப் மூடியிருந்துச்சு."

"அது எப்பவும் திறந்துதானே இருக்கும்?"

"நான்தான் மூடினேன். கோரின் என்னை அஞ்சு மணிக்கே எழுப்பிட்டா. உடனே நோர்மானுக்குச் சொன்னேன். கீழ்த்தெரு டாக்டர் வாசலை முடிச்சிட்டு ஏழரைக்கு வரேன்னான். அதுவரைக்கும் உன்னைச் சத்தம்காட்டாம தூங்க விட்டேன். ஆனா ஏழு மணிக்கு நீ எப்படியும் எந்திரிப்பியே. அதான், நோர்மான் வர்றவரைக்கும் நீ வெளியவே நிக்கட்டும்னு கொட்டகைக்குப் போய்த் திருகிட்டு வந்தேன்."

"அடிப்பாவி! என் கையே கழண்டுபோச்சே! எதுக்குடி?"

"கோரின் பொறந்தப்ப நீ மயங்கி விழுந்து, ரெண்டு நர்சும் என்னை விட்டுட்டு உன்னைத் தூக்கிட்டு ஓடினாங்க." காப்பிக் குவளையை என் கையில் வைத்தாள். "என்னால ஒரு நேரத்துல ஒரு பிரசவம்தான்யா பாக்க முடியும்."